கதவுக்குப் பின்னால் படித்த கொரிய மொழி

1946-ஆம் வருஷம், ஆடிக் கிருத்திகை அன்று காலையில், திருத்தணி மலைப்படி அடிவாரத்தில் நான் என் வீட்டுக்காரரை 'அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டேன். ஊரே பார்க்க, வாய் நிறையக் கூப்பிட்டேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நாலு பேர் எதிரில் பேசுவதென்றால் இன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயசு பன்னிரண்டு. அவருக்குப் பத்தொன்பது. கல்யாணம் ஆன ஐந்தாம் மாதம், உறவுக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் வேலைக்கு என்று அவர் மலேயாவுக்குக் கப்பலேறினார். நான் என் அம்மா வீட்டிலேயே இருந்தேன். அதற்குள் அங்கே சண்டை வந்துவிட்டது. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்துக்கொண்டான் என்றார்கள். அதோடு கடுதாசி நின்றது. நாலு வருஷம் ஒரு தகவலும் இல்லை. என் கழுத்துத் தாலியைப் பற்றி ஊரில் முணுமுணுப்புக் கிளம்பியதும், என் மாமியார் தானே வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். "என் புள்ள வர்ற அன்னிக்கு அவன் பொண்டாட்டி என் வூட்ல இருக்கணும்" என்று சொல்லி, என்னைக் கையோடு திருத்தணிக்கு அழைத்துப் போய்விட்டார்.

அவர்களுக்கு நந்தி ஆற்றுப் பக்கம் பூந்தோட்டம். சாமந்தி, மல்லி, அரளி. மலைக்கு வருகிறவர்களுக்குப் பூ கட்டி விற்பதுதான் குடும்பத் தொழில். ஆடிக் கிருத்திகை என்றால் வருஷாவருஷம் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அடிவாரத்தில் மோர்ப் பந்தல் போடுவார்கள். அந்த வருஷம் பந்தலில் மோர் ஊற்றியது நானும் என் ஓரகத்தியும், அதாவது அவருடைய அண்ணன் மனைவியும்.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் துணி, மொட்டைத் தலை, புஷ்பக் காவடி. அதில் ஒரு மொட்டைத் தலைக்காரர், எலும்பும் தோலுமாக, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதுக்கும் கை நீட்டியபோது எனக்குப் பாவமாகிவிட்டது. "மெதுவா குடிங்கண்ணா, பானை நெறைய கீது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வயசில் பார்த்த என்னை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பின்னால் மோர் கலக்கிக்கொண்டிருந்த ஓரகத்தி, அவர் காலைச் சாய்த்துப் போவதை முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தாள்.

மதியம் பானைகளைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனால், முற்றத்தில் அந்த மொட்டைத் தலைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் அவர் முகத்தைத் தடவித் தடவி அழுதுகொண்டிருக்கிறார். கப்பலில் பேன் தொல்லை என்று எல்லோருக்கும் மொட்டை அடித்து அனுப்பினார்களாம்.

என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்த, ஒன் சின்ன மருமவ ஒன் புள்ளைக்கு இன்னா மொற வச்சி மோர் ஊத்துனா தெரியுமா" என்று ஆரம்பித்து, மொத்தத்தையும் வீட்டிலிருந்த பதினாலு பேருக்கும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு உள்ளே ஓடி ஒளிந்தவள்தான். அதற்குப் பிறகு அவர் முற்றத்துக்கு வந்தால் நான் கூடத்துக்கு. அவர் கூடத்துக்கு வந்தால் நான் கிணற்றடிக்கு. பெரியவர்கள் எதிரில் புருஷனோடு பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பதினாலு பேர் இருக்கிற வீட்டில் பெரியவர்கள் இல்லாத மூலை எங்கே இருக்கிறது? சரி, ஒரு நல்ல நாள் பார்த்துச் சேர்த்து வைப்பார்கள் என்றால், ஆடியில் அது கூடாது. ஆவணியில் நாள் குறித்தார்கள். பங்காளி வீட்டில் ஒருவர் தவறிப்போய்த் தீட்டு வந்துவிட்டது. அடுத்து புரட்டாசி, அதுவும் ஆகாது. ஐப்பசியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அவர் அண்ணனோடு தோட்டத்துக் கொட்டகையில் தங்கிக்கொண்டார். நான் மாமியாரோடு.

அவரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஜப்பான்காரன் அவரைக் கடையிலிருந்து பிடித்துக்கொண்டு போய், சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்திருக்கிறான். கூடப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. காலில் அங்கே வந்த புண் ஆறாமல் இருந்தது. அங்கே பட்டதை அவர் சொல்லவில்லை, நாங்களும் துருவிக் கேட்கவில்லை. ஆனால் பசு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மட்டும் ஏதோ புரியாத பேச்சில் அதனிடம் பேசுவார். மாமியார் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"மலேயாக்காரங்க இப்டித்தான் பேசுவாங்களா நைனா?" பிள்ளையைக் கொஞ்சும்போது 'நைனா' என்பார்.

"அவங்க பேச்சு வேறம்மா. இது கொரியாக்காரன் பேச்சு. காட்ல எங்களுக்குக் காவலுக்கு நின்னவன் ஒருத்தன் சொல்லிக் குடுத்தது."

"காவக்காரனா? அட்ச்சிருப்பானே."

"மத்தவனுங்க அடிப்பானுங்க. இவன் அப்டி இல்ல. அவனையும் ஜப்பான்காரன் இழுத்துகினு வந்ததுதான். அவன் ஊர் பேச்ச அவனே வாயத் தெறந்து பேசக் கூடாதாம். அதிகாரி அந்தாண்ட போனதும் எங்கிட்ட வந்து குந்திக்குவான். மலையக் காட்டி 'சான்'ம்பான். தண்ணியக் காட்டி 'மூல்'ம்பான். நானும் சொல்லணும். சரியா சொன்னா சிரிப்பான்."

இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான். மாமியார் கெட்டிக்காரர். பிள்ளையின் வாயைத் திறக்கிற சாவி இதுதான் என்று பிடித்துக்கொண்டார். "அந்தப் பேச்ச எனக்கும் சொல்றா" என்று மறுநாளே எதிரில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் காலைப் பூ தோட்டத்திலிருந்து வந்து இறங்கியதும் பாடம் தொடங்கிவிடும். முற்றத்தில் அவர் புண்ணுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே பூ கட்டுவார். நானும் ஓரகத்தியும் கூடத்தில், கதவுக்கு இந்தப் பக்கம் பூ கட்டுவோம்.

"சோத்துக்கு இன்னா?"

"பாப்."

"வூட்டுக்கு?"

"சிப்."

"பூவுக்கு?"

"கொத்."

"அம்மாவுக்கு?"

"ஓம்மா. அப்பாவுக்கு ஆப்பா. வான்னு கூப்பிடறதுக்கும் 'வா'தான்."

"இதெல்லாம் நம்ம பேச்சாச்சே. அவ்ளோ தூரம் எவன் தூக்கினு போனான்?" என்பார் மாமியார்.

மழைக்கு அவர் சொன்ன சொல்லை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சின்னக் குழந்தை பண்ணி வைத்ததை நாம் சொல்கிற அதே சொல். மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தூ, வானத்துலேர்ந்து வர்றதுக்கு வெக்கிற பேரா அது? மழ எனக்கு வாணாம், வேற சொல்லு" என்றுவிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம்.

மாமியாருக்கு ஒரு நாள் படித்தது மறுநாள் மறந்துவிடும். வீட்டைக் கேட்டால் சோற்றைச் சொல்வார். அவரோ சலிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார். அதனால் எனக்குத்தான் நல்ல பாடமாகிப் போனது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாய்ப்பாட்டை இப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவார். பூ கட்டும்போது ஒரு முடிச்சுக்கு ஒரு சொல். மூல், முடிச்சு. பாப், முடிச்சு. கண், மூக்கு, கை, மாடு, நாய், நிலா எல்லாம் அப்படி ஏறியது. ஏன் படித்தேன் என்று கேட்டால், அவர் குரலைக் கேட்க எனக்கிருந்த ஒரே வழி அதுதான். எதிரில் போய் நிற்கத் தைரியம் இல்லை. அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்லும்போது, அவரோடு பேசுவது போலவே இருந்தது.

ஒரு நாள் கிணற்றடியில் ஓரகத்தி பிடித்துவிட்டாள்.

"இன்னாடி தனியா முணுமுணுத்துகினு கீற?"

"முருகன் பேரச் சொல்றேன்க்கா."

"எல்லாப் பேரும் சொல்லு, புருஷன் பேர மட்டும் சொல்லிடாத. அவரு ஒனக்கு அண்ணனாச்சே."

இரண்டு மாதமாகியும் அவளுக்கு அது அலுக்கவில்லை. அவள் கெட்டவளில்லை. சிரிப்பதற்குக் கிடைத்ததை விடமாட்டாள், அவ்வளவுதான்.

புரட்டாசி பாதியில் மலேயாவிலிருந்து கடுதாசி வந்தது. உறவுக்காரர் கடையை மறுபடியும் திறந்துவிட்டாராம். கப்பலும் ஓடுகிறதாம். உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டது போதாதா, இவர் எங்கே போகப் போகிறார் என்று இருந்துவிட்டோம். ஆனால் ஒரு வாரம் கழித்து, பாடம் நடக்கிற நேரத்தில் முற்றத்தில் பேச்சு வேறு மாதிரி கேட்டது. ஓரகத்தி அன்றைக்குக் கடைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் கதவண்டை இருந்தேன்.

"நான் போறேம்மா. டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன்."

"ஐப்பசியில நாள் பாக்கப் போறோம். இப்ப போயி இன்னாடா?"

"அதுக்குத்தான் போறேன். நாள் பாத்து அவளக் கட்டாயப்படுத்தறது வாணாம். நான் வந்தா எழுந்து ஓடறா. என்னைப் பாத்தா அவளுக்கு ஆவல. இந்த ஒடம்பும் இந்தக் காலும் யாருக்குப் புடிக்கும்?"

"அது வெக்கம்டா."

"மூணு மாசமாவா வெக்கம்? மொத நாளே அண்ணான்னு கூப்ட்டா. அவ மனசுல அதான் கீது போல. சின்னப் பொண்ணு, அவ மேல தப்பு இல்ல. நான் அங்க போயிட்டு மாசாமாசம் எழுதறேன்."

எழுந்து போய் 'அப்படி இல்லை' என்று இரண்டு சொல் சொன்னால் முடிந்துவிடும். அந்த இரண்டு சொல் எனக்கு வரவில்லை. மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது எப்படியாவது சொல்லிவிடுவது என்று போனேன். எல்லா ஆண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் இலையில் நாலு கரண்டி நெய்யை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். அவர் அதையும் கவனிக்கவில்லை. மாமியாரிடம் சொல்லலாமென்றால், 'உங்கள் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது' என்று ஒரு பெண் தன் மாமியாரிடம் எந்த வாயால் சொல்வாள்?

புறப்படும் நாள் வந்துவிட்டது. காலை ரயிலில் அரக்கோணம் போய், அங்கிருந்து பட்டணம் போக வேண்டும். வாசலில் ஜட்கா வண்டி நின்றது. மாமியார் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவருக்கு நல்ல சகுனமாக, சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். போகிறவர் அந்தக் குடத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார். எப்போதும் ஓரகத்திதான் எதிரே போவாள். அவள் குடத்தை எடுக்கக் குனிந்தபோது மாமியார் தடுத்தார். "நீ இரு. அவளே எடுத்துகினு போவட்டும்" என்றார். அதை என்ன நினைத்துச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆக, என் புருஷன் என்னை விட்டுப் போவதற்கு நானே நல்ல சகுனம் கொடுக்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றித் தெரு வாசலுக்குப் போய், அங்கிருந்து உள்ளே நடந்தேன். அவர் எதிரே வருகிறார். பின்னால் அத்தனை பேரும் நிற்கிறார்கள். நான் ஒதுங்கி வழிவிட வேண்டிய இடம் வந்தது. ஒதுங்கவில்லை. கால் அங்கேயே நின்றுவிட்டது. அவரும் நின்றார்.

தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. குனிந்து குடத்துத் தண்ணீரைப் பார்த்தேன்.

"மூல்" என்றேன்.

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். முதல் சொல் வெளியே வந்துவிட்டது அல்லவா, மற்றதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி தானாக வந்தது. "பாப். சிப். சான். கொத். சோ. கே. தால். நூன். கோ. சோன்." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். தண்ணீர், சோறு, வீடு, மலை, பூ, மாடு, நாய், நிலா, கண், மூக்கு, கை. 'போகாதீர்கள்' என்பதற்கு அந்தப் பேச்சில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமியார் அந்தப் பாடம் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் இருக்கிற சாமான்களின் பெயர்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். குடம் ஆடி ஆடித் தண்ணீர் என் காலிலும் அவர் காலிலும் கொட்டியது.

"அத்த, இவளுக்கு சாமி வந்துட்ச்சி" என்று ஓரகத்தி கத்தினாள். மலை அடிவாரத்து வீடுகளில் அது அவ்வளவு அதிசயமும் இல்லை. அவருடைய அண்ணன் விபூதித் தட்டை எடுக்க ஓடினார். வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமியார் மட்டும் அசையவில்லை. "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "கூடத்துல குந்திகினு என் பாடத்த எல்லாம் திருடி வச்சிருக்கா. ஏண்டி, எல்லாம் சொன்ன, மழைய ஏன் வுட்டுட்ட?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கண்ணைத் திறந்தால், அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"எப்ப படிச்ச இதெல்லாம்?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணம் ஆகி அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க சொல்லச் சொல்லத்தான்."

"அன்னிக்கி அண்ணான்னு கூப்ட்டியே?"

"மொட்ட போட்டு வந்தவங்க எல்லாரையும் அப்டித்தான் கூப்ட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஓரகத்திக்குக் கேட்டுவிட்டது. "ஆங், நானும் பாத்தேன். ஒரு எரநூறு அண்ணன் இருப்பாங்க இவளுக்கு" என்றாள். மூன்று மாதமாக என்னை ஓட்டியவள், அந்த ஒரு சொல்லால் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டாள்.

அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டைப் பல் தெரிய, தோள் குலுங்க. பிறகு வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கொத் இல்ல. இன்னும் அழுத்திச் சொல்லணும். சொல்லு" என்றார். அத்தனை பேர் எதிரிலும் சொன்னேன். சரியாக வரும்வரைக்கும் மூன்று தடவை சொல்ல வைத்தார்.

வண்டிக்காரர் வாசலிலிருந்து, "ரயிலு வந்துடும்ங்க, பொட்டியக் கொண்டாரட்டா?" என்றார்.

"நீ கெளம்புப்பா. அவன் வரல" என்றார் மாமியார். கட்டி வைத்திருந்த புளிச்சோற்றை வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்பிவிட்டார்.

அவர் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதன் பிறகும் போகவில்லை. ஐப்பசியில் நாள் பார்த்தார்கள். கொரியாவில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் 'யோபோ' என்று கூப்பிட்டுக்கொள்வார்களாம். நாம் 'ஏங்க' என்கிறோமே, அந்த மாதிரி. பெயரையும் சொல்ல முடியாமல், கூப்பிட வேறு சொல்லும் இல்லாமல் திண்டாடிய எனக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. ஐம்பத்தோரு வருஷம் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் பிள்ளைகள் அதை அவருடைய செல்லப் பெயர் என்றே நினைத்து வளர்ந்தார்கள். தோட்டத்து ஆட்களில் சிலர் அவரை 'யோபோ ஐயா' என்றே கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

இப்போது கொரிய மொழியைப் போனிலேயே படிக்கலாமாம். என் பேரன் மகள் படிக்கிறாள். முதல் பாடம் இருபது சொல் என்றாள். எனக்கு எத்தனை தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மழைக்கு வரும்போது என்ன செய்கிறாள் என்று பார்க்கலாம் என்று காத்திருக்கிறேன்.

அவர் கடைசிக் காலத்தில் ஒரு நாள், நான் அதுவரை கேட்காத ஒன்றைச் சொன்னார். காட்டில் அந்தக் காவல்காரன் ஒரு சொல் கொடுத்தால், இவரும் பதிலுக்கு ஒரு சொல் கொடுப்பாராம். தண்ணி, சோறு, வீடு, பூ என்று அவனும் நாற்பது ஐம்பது தமிழ்ச் சொல் படித்துக்கொண்டானாம். அவன் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தானா என்று அவருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தான் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மெலிந்துபோய் வந்த அவனிடம் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு, கண் காணாத அந்த ஊரின் அடுப்படி ஒன்றில் ஒரு பெண் நம் பேச்சை ரகசியமாக மனப்பாடம் செய்திருப்பாள், ஒரு நாள் வாயைத் திறந்து 'சோறு' என்று சொல்லியிருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம், நான் பார்த்தே இராத ஒரு கூடப் பிறந்தவள் எனக்கு இந்த உலகத்தில் இருக்கிறாள் என்று மனசு நிறைந்துபோகிறது.